வளையாத வாள்

நவம்பரில் எங்கள் மேயோ பக்கம் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும். ஏரிக்கரைச் சாலையில் ஒரு விளக்கும் கிடையாது. அங்கேதான் நடந்தது... என் தோழி பிரீஜின் அக்கா நோரினுக்கு.

நோரினின் கணவன் கார்மக், டப்ளினிலிருந்து வந்தவன். முடியைப் பின்னிப் போட்டுக்கொண்டு, பழைய கெல்ட் வீரர்களுக்குத் தானே வாரிசு என்று மேடையேறிப் பீற்றிக்கொள்வான். வாள் செய்வது தொழில். கைவேலை சுத்தம், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மண்டைதான் காலி.

சதுப்பில் அடுப்பெரிக்க மண்கட்டி வெட்டும் ஃபெஸ்டஸ் பெரியவருக்கு ஒரு பழங்கால வாள் கிடைத்தது. இரண்டாய் மடங்கிக் கிடந்தது. கார்மக் அதைப் பிடுங்கிக்கொண்டான்.

"நிமித்தாத தம்பி. தண்ணிக்குக் காணிக்கையாக் குடுக்குற வாள, வளச்சுக் கொன்னுட்டுத்தான் குடுப்பாங்க."

"மேடைக்கு மேடை அதச் சொல்றதே நாந்தான் பெருசு. நீ போய் மண்ணு வெட்டு."

பழுக்கக் காய்ச்சி நிமிர்த்தினான். புது எஃகோடு சேர்த்து அடித்து நெடுவாளாக்கினான். சிவந்த வாளை எண்ணெயில் இறக்கினான். சீறவேண்டும்... சீறவில்லை. புகையும் இல்லை. பட்டறை முழுக்கச் சேற்று வாடை.

அவன் கவனித்தால்தானே? பிடி போட்டு முடித்ததும் வாளை வில்லாய் வளைத்து விட்டான். டிங்... நேராய் நின்றது.

"பாத்தியா நோரின், எப்படி வளச்சாலும் நிமிரும்" என்று இளித்தான்.

பிடியை விட்டு விரல்கள் பிரியவில்லை. நோரின் வெண்ணெய் தடவிப் பார்த்தாள். அதற்குள் வாள் முன்னே நீண்டது... ஏரிப்பக்கம் இழுத்தது. சாலையில் அவன் அதன் பின்னால். அவள் அவன் கோட்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு.

அவள் அலறல் கேட்டு, கரையோர வீட்டிலிருந்து ஃபெஸ்டஸ் ஓடிவந்தார்.

"வளைங்க பெரியப்பா. வளச்சுட்டா இவர விட்டுடும்."

இரண்டு பாறைகளுக்கு நடுவே வாளைச் செருகி, முழு உடம்பையும் போட்டு அழுத்தினார். வளைந்தது. கையை எடுத்தார். டிங்... மறுபடி அழுத்தினார். டிங்...

"நல்லா செஞ்சு தொலச்சிருக்கான், பாவி."

வாள் பாறையிலிருந்து உருவிக்கொண்டு அவனை ஏரிக்குள் இழுத்தது. நோரின் கையில் கோட்டு மட்டும் மிஞ்சியது. தண்ணீர் சலசலத்த சத்தம்கூட இல்லை.

விடிந்ததும் பார்த்தார்கள். கரையில் அவன் பூட்ஸ், ஜோடியாக. கயிறு கட்டியபடியே இருந்தது. நோரின் உள்ளே கைவிட்டாள்.

காலுறைகள்... இன்னும் வெதுவெதுப்பாக.