தப்பிக்கப் போகிறவள்

டில்லி ஆர்.கே.புரத்தில் மெட்ரோ ஏறினேன். எதிரில் அம்மாவோடு உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண் உற்சாகமாகச் சொன்னாள்:

"இன்னிக்கு அவ தப்பிச்சுடுவாம்மா."

திடுக்கிட்டுப் பார்த்தேன். மடியில் நோட்டு, அவள் எழுதும் கதையாம். கதையில் வரும் ஊரில் எல்லோருக்கும் ஒரே நிறச் சட்டை. மணியடித்தால்தான் சிரிக்கலாம். கதாநாயகி மதிலேறிக் குதித்து ஓடப்போகிறாள்.

"அச்சா. அவ அம்மா?" என்று கேட்டாள் அம்மா.

"அங்கேயே இருப்பா. அவளுக்கு எல்லாம் பழகிடுச்சு."

"அவகிட்ட கேட்டியா?"

பெண் யோசித்தாள். "மதில் பன்னிரண்டு அடிம்மா. அவளுக்கு முழங்கால் வலி வேற."

"நீ மேலேர்ந்து கை குடு. நான் ஏறிடறேன்."

இருவரும் மணியடிக்காமலே சிரித்தார்கள். பெண் எதையோ அடித்துத் திருத்தினாள். இறங்கும்போது எட்டிப் பார்த்தேன். மதில் ஐந்தடியாகியிருந்தது.