தவறினாலும் ஓரடி

பஸ் கிண்ணியாப் பாலத்தில் ஏறியது. எனக்கு முன்னால் நின்ற பெண் தன் தோழியிடம் சொன்னாள்:

“நேற்று அந்த அரக்கனைப் பள்ளத்தில விழுத்தினது உங்களாலதான் சபானா. பெரிய நன்றி.”

இதைக் கேட்ட பிறகு எப்படிக் காதைப் பொத்துவது? மேசையைச் சுற்றியிருந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு வீரராக ஆடும் விளையாட்டாம். விதிகளை எழுதுவது சபானா.

“ரெண்டு கையாலயும் பிடிக்கிற கோடரியின்ட விதியை ஏன் மாத்தினீங்க?”

“முந்தி, வெட்டு தவறினா ஒண்டும் நடக்காது. உங்களுக்கு எப்பவும் தவறும்.”

“ஓம்.”

“தவறத் தவற எல்லாரிட்டையும் ‘சொறி, மன்னிச்சுக்கொள்ளுங்கோ’ எண்டு சொன்னீங்க. ஒருத்தரும் கோவிக்கேல்ல, எனக்குத்தான் கேட்டுக்கொண்டிருக்க ஏலாமப் போச்சு. அதுதான், தவறினாலும் எதிரி ஓரடி பின்னுக்குப் போகோணும் எண்டு எழுதினனான்.”

முன்னால் நின்றவள் சபானாவின் பக்கம் திரும்பினாள்.

“எனக்காக இதுவரைக்கும் ஒருத்தரும் ஒரு விதியையும் மாத்தினதில்லை.”

பஸ் சட்டென்று பிரேக் போட்டது. அவள் இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்தாள். தோள்பை என் வயிற்றில் இடித்தது. “சொறி” என்று சொல்ல வாய் திறந்தவள், சபானாவின் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு என்னிடம் சொன்னாள்:

“அக்கா, கொஞ்சம் பின்னுக்குப் போங்கோ.”

நான் ஓரடி பின்னால் போனேன்.