ஏறி இறங்கும் சீட்டு

பாண்டீஸ்வரி: இன்னைக்கும் மாறியிருக்கு அத்தே.

கனகலட்சுமி: எதுத்தா?

பாண்டீஸ்வரி: என் சைக்கிள் சீட்டு. நேத்து நான் வச்ச உயரம் இல்ல. ஸ்கேல் வச்சு அளந்துட்டேன்.

கனகலட்சுமி: வந்ததும் வராததுமா அளவெடுக்கணுமா? முகத்தைக் கழுவிட்டு காபியைக் குடி.

பாண்டீஸ்வரி: வாடிப்பட்டி வரைக்கும் மிதிச்சுட்டு வாரேன்... முட்டி விண்ணு விண்ணுனு தெறிக்குது. ஞாயித்துக்கிழமை மாவட்ட சைக்கிள் பந்தய செலக்‌ஷன். இந்த முட்டியை வச்சுக்கிட்டு என்னத்த ஓட்ட?

கனகலட்சுமி: போல்ட்டு லூசா இருக்கும். உன் புருஷன் சரியா முடுக்கியிருக்க மாட்டான்.

பாண்டீஸ்வரி: உங்க மகனை எம்புட்டுத்தான் திட்டுறது? மூணு நாளா வாங்கிக் கட்டிக்கிட்டு கம்முனு இருக்காரு. கடையிலயும் காட்டிட்டேன். போல்ட்டு நல்லாத்தான் இருக்காம்.

கனகலட்சுமி: அப்ப நீ கனம் கூடிட்ட.

பாண்டீஸ்வரி: அத்தே!

கனகலட்சுமி: சும்மா சொன்னேன்டி...

பாண்டீஸ்வரி: கேளுங்க. போல்ட்டு லூசா இருந்தா, ஆள் உக்கார உக்கார சீட்டு கீழதான் இறங்கும். செவ்வாக்கிழமை இறங்கிருந்துச்சு, சரி. நேத்து ஒரு சென்டிமீட்டர் ஏறியிருந்துச்சு. இன்னைக்கு மறுபடி இறங்கிருக்கு. கனத்துக்கு எந்தச் சீட்டாச்சும் மேல ஏறுமா?

கனகலட்சுமி: ...ஏறாதுல்ல.

பாண்டீஸ்வரி: ஏறாது. அதான் மண்டை காயுது.

கனகலட்சுமி: ஒரு சென்டிமீட்டர் என்ன பெரிய இது? சுண்டுவிரல் அகலம் இருக்குமா?

பாண்டீஸ்வரி: ஒரு மிதிக்கு ஒண்ணுமில்ல. நிமிசத்துக்குத் தொண்ணூறு மிதி. ஒரு மணி நேரத்துல அஞ்சாயிரத்தைத் தாண்டிரும். சீட்டு தாழ்ந்தா ஒவ்வொரு மிதிக்கும் கால் கூட மடங்கும், பாரம் முட்டிச் சில்லுல வந்து விழும். உசந்தா இடுப்பு ரெண்டு பக்கமும் ஆடும். உடம்பு ஒரு உயரத்துக்குப் பழகுறதுக்குள்ள அடுத்த உயரம் வந்துருது.

கனகலட்சுமி: அதுல அம்புட்டு இருக்கா... எனக்குத் தெரியாதேத்தா.

பாண்டீஸ்வரி: அலுத்துப்போச்சு. போன வருசம் பதினோரு செகண்டு வித்தியாசத்துல விட்டேன். வயசு முப்பத்தொண்ணு. இந்தத் தடவையும் தேறலைன்னா சைக்கிளை யாருக்காச்சும் குடுத்துறப் போறேன்.

கனகலட்சுமி: குடுக்கக் கூடாது!

பாண்டீஸ்வரி: எதுக்குக் கத்துறீங்க?

கனகலட்சுமி: இல்ல... அந்த பர்ட்டன் பொம்பளையைச் சொன்னியே. இங்கிலாந்துக்காரி. தோட்ட வேலை, வீட்டு வேலை எல்லாம் பாத்துக்கிட்டு, பன்னெண்டு மணி நேர சைக்கிள் பந்தயத்துல ஆம்பளைங்க சாதனையையே தாண்டுனவ. முந்திப் போறப்ப, பின்தங்குன ஆம்பளை கையில ஒரு முட்டாயைக் குடுத்துட்டுப் போனாளாம்ல?

பாண்டீஸ்வரி: நான் டிவியில பாத்துக்கிட்டே உங்க மகன்ட்ட சொன்னது. நீங்க தூங்குறீங்கன்னுல்ல நெனச்சேன்.

கனகலட்சுமி: கண்ணைத்தான் மூடிருந்தேன். இன்னொருத்தி சைக்கிள்ல ஒலிம்பிக் தங்கம் வாங்கிட்டு, முப்பத்தஞ்சு வயசுல குதிரைப் பந்தயத்துக்குப் போனா. அஞ்சாவதா வந்தா. நீ முப்பத்தொண்ணுலயே சாஞ்சுட்ட.

பாண்டீஸ்வரி: அவளுக்குச் சீட்டு ஏறி இறங்கலையே.

கனகலட்சுமி: குதிரையில ஏறி இறங்காமயா இருக்கும்?

பாண்டீஸ்வரி: சிரிக்கக்கூடத் தெம்பில்ல அத்தே... ஆமா, நீங்க எதுக்குத் தொடையை நீவிக்கிட்டே இருக்கீங்க?

கனகலட்சுமி: மாடிக்குத் துணி காயப்போடப் போனேன். ஏறி இறங்குனது.

பாண்டீஸ்வரி: துணி வாளியிலயே கிடக்கு.

கனகலட்சுமி: பர்ட்டனும் அவ மகளும் ஒரே பந்தயத்துல ஓட்டி, மக ஜெயிச்சதும் ஆத்தா கை குடுக்கலையாம்ல? நானா இருந்தா குடுத்துருப்பேன்.

பாண்டீஸ்வரி: பேச்சை மாத்தாதீங்க. என் சைக்கிளை எடுத்தீங்களா?

கனகலட்சுமி: எல்லாரும் வேலைக்குப் போனப்புறம்... பின்னாடி காலி ப்ளாட்டுல. நாலே நாலு சுத்து.

பாண்டீஸ்வரி: உங்களுக்குக் கால் எட்டாதே!

கனகலட்சுமி: அதுக்குத்தான் இறக்குனேன். சாவியை உன் புருஷன்தான் குடுத்தான். எம்மேல சத்தியம், யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னேன்.

பாண்டீஸ்வரி: அதான் மனுசன் மூணு நாளா வாயே தொறக்கலையா!

கனகலட்சுமி: பழையபடி ஏத்தி வச்சுட்டுத்தான்டி வருவேன். ஒரு சாண், நாலு விரல். அளந்துதான் முடுக்குவேன்.

பாண்டீஸ்வரி: விரலாலயா? அப்ப நேத்து ஏன் ஏறுச்சு?

கனகலட்சுமி: முந்தாநாளு சுரைக்காய் நறுக்குறப்ப விரலை வெட்டிக்கிட்டு, தடியாக் கட்டுப் போட்டிருந்தேன். கட்டோட சேத்து அளந்துட்டேன் போல. நேத்து அவுத்துட்டேன்.

பாண்டீஸ்வரி: ஏன் அத்தே... எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?

கனகலட்சுமி: சொன்னா நீ எனக்காகச் சீட்டை இறக்கி வச்சுட்டுப் போவ. உன் முட்டி போயிரும்னு பயந்தேன். கடைசியில நானே கெடுத்துட்டேன்... ஞாயித்துக்கிழமை வரைக்கும் அதைத் தொட மாட்டேன். அப்புறம் சீட்டுக் கம்பியில உன் உயரத்துக்கு அழியாத மையில ஒரு கோடு போட்டு வை. நான் இறக்குனா கோடு குழாய்க்குள்ள போயிரும். ஓட்டி முடிச்சதும் கோடு வெளிய தெரியுற வரைக்கும் ஏத்தி முடுக்கிருவேன்.