இந்தப் பங்க்கைத் தாண்ட முடியாது

அண்ணன்: இன்னும் பத்து நிமிஷம். வந்துடுவா பாரு.

தங்கை: இதே பத்து நிமிஷத்தைத்தான் காலையிலேர்ந்து சொல்லிக்கிட்டிருக்கே.

அண்ணன்: நீ ரோட்டைப் பாரு. சிவப்பு வண்டி, கருப்பு ஹெல்மெட்...

தங்கை: அண்ணி வண்டிக்கு எனக்கு அடையாளம் சொல்றியா? ஏதோ கொள்ளைக்காரியைப் பிடிக்க வந்த மாதிரி!

அண்ணன்: புருஷன் தூங்கறப்ப, இருட்டோட எழுந்து, சத்தம் கேக்கக் கூடாதுன்னு தெரு முனை வரைக்கும் வண்டியை உருட்டிக்கிட்டே போய் ஸ்டார்ட் பண்ணியிருக்கா. அதுக்கு என்ன பேரு?

தங்கை: வேலைக்குப் போறதுன்னு பேரு.

அண்ணன்: வாய்... வாய்!

தங்கை: ஆஸ்பத்திரில எக்ஸ்ரே எடுக்கற வேலை. இன்னிக்கு மதியத்துக்குள்ள போய்ச் சேரலேன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. நீ போகாதேன்னே, அவங்க போறாங்க. நடுவுல நான் எதுக்கு? என்னை ஏன் தூக்கத்துலேர்ந்து எழுப்பி இழுத்துட்டு வந்தே?

அண்ணன்: நீ சொன்னா கேப்பா. நான் பேச ஆரம்பிச்சா ஹெல்மெட்டையே கழட்ட மாட்டா.

தங்கை: அது ஹெல்மெட்டோட தப்பில்லையே...

பங்க்காரர்: சார், காரைக் கொஞ்சம் முன்னால எடுத்துக்கறீங்களா? காத்து பிடிக்கற எடத்துல நிக்கறீங்க.

அண்ணன்: எடுக்கறேன், எடுக்கறேன். அந்தச் சிவப்பு வண்டி...?

பங்க்காரர்: வரல சார். காலையில பூட்டைத் தெறந்ததே நான்தான். நீங்க சொன்ன மாதிரி லேடீஸ் யாரும் வரல. பெட்ரோல் ஏதாவது போடணுமா?

அண்ணன்: வேணாம்.

பங்க்காரர்: காத்து?

அண்ணன்: வேணாம்ப்பா.

பங்க்காரர்: சரி சார். நெழல் மட்டும் போதும்னா அந்தப் பக்கம் நில்லுங்க. அங்க நல்ல நெழல்.

தங்கை: மனுஷன் எவ்வளவு மரியாதையா திட்டறாரு பாத்தியா?

அண்ணன்: சிரிக்காதே. ரோட்டைப் பாரு.

தங்கை: பாக்கறேன். நேரா ஆஸ்பத்திரி வாசல்லயே போய் நின்னிருக்கலாமே. இங்க வெயில்ல காயாம.

அண்ணன்: அங்க பத்து பேர் கூடுவான். வாட்ச்மேன் வேற வந்து நிப்பான். இங்கன்னா புருஷன் பொண்டாட்டி ரோட்டோரமா நின்னு பேசிக்கறாங்க, அவ்வளவுதான். யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான்.

தங்கை: நல்லா யோசிச்சுத்தான் வெச்சிருக்கே.

அண்ணன்: எனக்கு இது புதுசா? நாங்க வண்டில டூர் போனப்பல்லாம் யாரு பிளான் போட்டது? எங்க பெட்ரோல் போடணும், எங்க போடக் கூடாதுன்னு கெளம்பறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடுவேன். கம்பெனிக்காரன் சொல்ற மைலேஜை நம்பறவன் நடுரோட்டுல நிப்பான். பின்னாடி ஆள், ரெண்டு பக்கமும் பை, எதிர்க்காத்து, ஏத்தம்... ஒவ்வொண்ணுக்கும் கழிக்கணும். ரிசர்வைக் கணக்குலயே சேக்கக் கூடாது. அடுத்த பங்க் மூடியிருந்தா அதுக்கு அடுத்த பங்க் வரைக்கும் போற அளவு டேங்க்ல இருக்கணும். என்கூட வந்து ஒரு நாளாவது அவ பெட்ரோல் இல்லாம நின்னிருக்காளா, கேளு.

தங்கை: நின்னதில்ல. பெட்ரோல் இருந்தா வேற எதுக்குமே நின்னதில்லன்னும் சொன்னாங்க.

அண்ணன்: வேற எதுக்கு நிக்கணும்? தண்ணி, பாத்ரூம் எல்லாம் பங்க்லயே முடிஞ்சிடும்.

தங்கை: ஒரு தடவை அருவி ஒண்ணைப் பாத்துட்டு உன் தோளைத் தட்டினாங்களாம். அடுத்த பங்க்லன்னியாம்.

அண்ணன்: அருவில பெட்ரோலா வருது?

தங்கை: அவங்ககிட்டயும் இதையேதான் சொன்னியா?

அண்ணன்: என்ன அப்படிப் பாக்கறே? ஏய்... ஏய், அங்க பாரு! வளைவுல! சிவப்பு!

தங்கை: எங்க?

அண்ணன்: லாரிக்குப் பின்னாடி... வேகத்தைக் கொறைக்கறா. இண்டிகேட்டர் போட்டுட்டா. சொன்னேன்ல? சொன்னேனா இல்லையா? எறங்கு, எறங்கு! நீ முன்னாடி போ. சிரிச்ச முகமா பேசு. நான் பின்னால வரேன்.

தங்கை: அண்ணா...

அண்ணன்: வளவளன்னு பேசாதே. முதல்ல வண்டி சாவியை வாங்கிடு.

தங்கை: அண்ணா, ஹெல்மெட்டைக் கழட்டறாங்க பாரு.

அண்ணன்: பாக்கறேன்... அட!

தங்கை: அண்ணிக்கு இவ்வளவு பெரிய மீசை கெடையாது.

அண்ணன்: போதும். உள்ள உக்காரு.

தங்கை: சாவியை வாங்கட்டுமா வேணாமா?

அண்ணன்: உக்காருன்னேன்!

தங்கை: உக்காந்துட்டேன். கத்தாதே, அந்த மீசைக்காரர் நம்மளையே பாக்கறாரு.

அண்ணன்: ...இவ்வளவு நேரம் ஆகாதே. இந்நேரம் வந்திருக்கணும்.

தங்கை: மெதுவா வருவாங்களா இருக்கும்.

அண்ணன்: மெதுவாதான் வருவா. வேகம் ஏத்தினா பெட்ரோல் குடிக்கும், அது அவளுக்கே தெரியும். அதுக்காக இவ்வளவு மெதுவாவா? ஒருவேளை... ஆஸ்பத்திரிக்கு அந்த இன்னொரு வழி, ஏரி ரோடு வழியா போயிருப்பாளோ?

தங்கை: ஏரி ரோட்லயா?

அண்ணன்: இல்ல, இல்ல. சும்மா சொன்னேன். அதுல ஊர் எல்லை வரைக்கும் ஒரு பங்க் கெடையாது. இந்த மலை ரோட்ல இது ஒண்ணாவது இருக்கு.

தங்கை: போய் ஒரு தடவை பாத்துட்டு வரணும்னா சொல்லு, போகலாம். ஆனா நாம அந்தப் பக்கம் திரும்பறப்ப அண்ணி இந்தப் பக்கம் வந்துட்டா?

அண்ணன்: அதான்... அதான் நானும் யோசிக்கறேன். வேணாம். இங்கயே இருப்போம்.

தங்கை: எனக்கு ஒண்ணு புரியல. அண்ணி போன ஞாயித்துக்கிழமைதான் டேங்க்கை ரொப்பினாங்க. நானும் கூடப் போயிருந்தேன். டேங்க் வாய் வரைக்கும் போட்டாங்க. அதுல ஏரி ரோட்ல போய்ட்டு அப்படியே திரும்பியும் வரலாமே. அவங்க எதுக்கு இங்க வந்து நிக்கணும்?

அண்ணன்: நின்னாகணும்.

தங்கை: ஏன்?

அண்ணன்: நின்னாகணும்னா நின்னாகணும். விடேன்.

தங்கை: கணக்குல புலின்னு நீயே சொல்லிக்கறே. கேட்டா பதில் வரல...

அண்ணன்: அந்த டேங்க்ல அவ்வளவு பெட்ரோல் இல்ல. போதுமா?

தங்கை: எங்க போச்சு? நடுவுல அண்ணி கடைத்தெருவைத் தாண்டலையே.

அண்ணன்: ...நான் எடுத்துட்டேன்.

தங்கை: என்னத்தை?

அண்ணன்: பெட்ரோலை. மறுநாளே. டியூப் போட்டு.

தங்கை: வாயில வெச்சு உறிஞ்சியா?

அண்ணன்: பின்ன? கையாலயா எடுக்க முடியும்?

தங்கை: ஓ... அதான் சில நாள் ராத்திரி ரெண்டு தடவை பல் தேய்ச்சியா? நான் கூட என்ன ஒரு சுத்தம்னு நெனச்சேன்.

அண்ணன்: கிண்டல் பண்ணாதே. எதுக்கு எடுக்கறேன்? அவ நல்லதுக்குத்தான். டேங்க் நெறைய இருந்தா எங்க வேணா போகலாம்னு ஒரு நெனப்பு வந்துடும். கொஞ்சமா இருந்தா கடைத்தெரு, அவ அம்மா வீடு... அதோட திரும்பிடுவா.

தங்கை: வண்டி பெட்ரோல் குடிக்குது, பெட்ரோல் குடிக்குதுன்னு அண்ணி மெக்கானிக்கிட்ட போய் நின்னாங்களே... எத்தனை தடவை அதைக் கழட்டி மாட்டினாரு அந்த ஆளு!

அண்ணன்: பழைய வண்டி, வித்துடலாம்னு நான் அப்பவே சொன்னேன். கேட்டாளா? சம்பாதிச்சு வாங்கின முதல் வண்டியாம். கல்யாணத்துக்கு முன்னாடியே வாங்கினதாம். சாமி படத்தைத் தொடைக்கற மாதிரி தொடைப்பா.

தங்கை: எடுத்த பெட்ரோலை என்ன பண்ணுவே?

அண்ணன்: கேன்ல ஊத்தி மாடிப்படிக்குக் கீழ வெப்பேன். அப்பப்ப கார்ல போட்டுக்குவேன். சும்மா வீணாக்கச் சொல்றியா?

தங்கை: அப்ப அண்ணியோட பெட்ரோல்லயே அண்ணியைத் துரத்திக்கிட்டு வந்திருக்கோம்.

அண்ணன்: இன்னிக்கு இல்ல. இந்த வாரம் எடுத்தது அப்படியே வீட்ல இருக்கு. நீ விஷயத்துக்கு வா. நான் விட்டு வெச்சதுக்கு அவ இந்தப் பங்க் வரைக்கும் வரலாம், தாராளமா. இதைத் தாண்ட முடியாது. நம்ம தெருப் பக்கம் பங்க் தெறக்கறதுக்கு முன்னாடியே கெளம்பிட்டா, அதனால அங்கயும் போட்டிருக்க முடியாது. போட ஒரே எடம் இதுதான்.

தங்கை: அதே பெட்ரோல்ல ஏரி ரோட்ல போனா?

அண்ணன்: ஆஸ்பத்திரிக்குப் பத்து, பன்னெண்டு கிலோமீட்டர் இருக்கறப்ப தீரும். அந்த உப்பு மேடு இருக்கு பாரு, சரியா அங்க. ஒரு மரம் கெடையாது, ஒரு கடை கெடையாது. போன்ல சிக்னல்கூட கெடையாது.

தங்கை: அவ்வளவு கரெக்டா தெரியுமா?

அண்ணன்: என் கணக்கு இதுவரைக்கும் தப்பினதில்ல. அவளுக்கும் அது தெரியும். பங்க் இல்லாத ரோட்ல அவ சக்கரத்தைக்கூட வெக்க மாட்டா. அப்படிப் பழக்கி வெச்சிருக்கேன்.

தங்கை: பழக்கியா?

அண்ணன்: சொல்லிக் குடுத்திருக்கேன்னு சொல்ல வந்தேன்.

பங்க்காரர்: சார், பாப்பா... உள்ள ஃபேன் ஓடுது. ரொம்ப நேரமா வெயில்ல இருக்கீங்க. வேணும்னா வந்து உக்காருங்க.

அண்ணன்: இல்லப்பா. இங்கேர்ந்துதான் ரோடு தெரியும்.

பங்க்காரர்: உங்க இஷ்டம். யாரு சார் வரணும், ரொம்ப வேண்டியவங்களா?

தங்கை: ஆமா. எனக்கு ரொம்ப வேண்டியவங்க.

பங்க்காரர்: வந்துடுவாங்க பாப்பா. இந்த ரோட்ல வர்றவங்க இங்க நிக்காம போக மாட்டாங்க.

அண்ணன்: கேட்டியா? அவரே சொல்றாரு.

தங்கை: கேட்டேன்.

அண்ணன்: யாரு அது? போன்ல என்ன சத்தம்?

தங்கை: ஃப்ரெண்டு. நல்லபடியா போய்ச் சேந்துட்டாளாம்.

அண்ணன்: மணியைப் பாரு. உச்சி தாண்டப் போகுது. இனிமே வந்தாலும் ஒண்ணும் இல்ல, அந்த வேலை போச்சு. அடுத்தவனுக்குக் குடுத்துடுவான். நான் தடுத்தேன்னு யாரும் சொல்ல முடியாது. தானா லேட்டானா, தானா திரும்பினா. இது இன்னும் நல்லதாப் போச்சு.

தங்கை: அண்ணா, கார் சாவியைக் குடு. நான் ஓட்டறேன்.

அண்ணன்: எங்க போக? அவ வரட்டும்.

தங்கை: வர மாட்டாங்க.

அண்ணன்: என்னது?

தங்கை: இப்ப வந்த மெசேஜ் அண்ணியோடது. ஏரி ரோட்லதான் போயிருக்காங்க. ஆஸ்பத்திரில கையெழுத்து போட்டுட்டு கோட்டு மாட்டிக்கிட்டாங்களாம்.

அண்ணன்: பொய்! அந்த டேங்க்ல... அந்த டேங்க்ல இருந்ததுக்கு ஏரி ரோட்ல போய்ச் சேர முடியாது. நான் போட்ட கணக்கு!

தங்கை: உன் கணக்கு சரிதான். மாடிப்படிக்குக் கீழ இருந்த கேனை நான்தான் நேத்து சாயங்காலம் திரும்ப ஊத்தினேன். நீ குளிக்கப் போனப்ப.

அண்ணன்: நீயா? எல்லாம் தெரிஞ்சுதான் காலையிலேர்ந்து என் வாயைக் கெளறினியா? என்னை இங்க உக்கார வெச்சு...

தங்கை: உக்காந்தது நீ. நான் போய்ப் பாக்கலாமான்னுகூடக் கேட்டேன்.

அண்ணன்: அவதானே ஊத்தச் சொன்னா? ரெண்டு பேரும் சேந்து பிளான் போட்டீங்க... சொல்லு. அவதானே?

தங்கை: இல்லண்ணா. அண்ணி யாரையும் எதுவும் கேக்கல. நீ எடுக்கறது அவங்களுக்குத் தெரியும், நீ இங்க வந்து நிப்பேன்னும் தெரியும். நீ விட்டு வெச்ச பெட்ரோல்லயே ஏரி ரோட்ல போய், தீர்ந்த எடத்துல வண்டியை அப்படியே விட்டுட்டு மிச்சத்தை நடந்துடறேன்னு சொன்னாங்க... அவங்க நடப்பாங்க, எனக்குத் தெரியும். வண்டியை விட வேண்டாமேன்னுதான் நான் ஊத்தினேன்.