வெளுத்த கை

வெள்ளிக்கிழமை. பகல் பன்னிரண்டரை. பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று யார் சொன்னது? எல்லோரும் ஜும்மா தொழுகைக்குப் போய்விட்டார்கள். மட்டாஞ்சேரி கிடங்குச் சந்தில் ஒரு காக்கை கூட இல்லை... அந்த வழியாகத் தனியாக வந்தான் பிச்சைமணி. என் கூட்டாளி செல்லதுரையின் மச்சான். கரண்ட் வருகிறபோது வரட்டும், கிட்டே வாருங்கள்.

அந்தச் சந்தில் முன்பு ஒரு சலவைத்தூள் கம்பெனி இருந்தது. பிச்சைமணிக்கு அங்கேதான் வேலை. ஆசிட் குழம்பும் காரமும் பிசைந்து, குருணையாக்கி, நன்றாகக் காய்ந்த பிறகுதான் பிளீச்சிங் பவுடர் சேர்க்க வேண்டும். ஈரத்தில் கொட்டினால் புகை கிளம்பி நெஞ்சை அடைக்கும். முதலாளிக்கும் அது தெரியும்.

எழுபத்தெட்டாம் வருஷம், கர்க்கடக மழை, நம்ம ஆடி மாசம். தூள் காயவில்லை. பிராட்வே கடைக்காரர்கள் சரக்கு கேட்டு நின்றார்கள்.

"ஈரமா இருக்கு மொதலாளி," என்றாள் சல்லடை பிடிக்கும் அங்கம்மாள்.

"காஞ்சது மதி, போதும், கொட்டு. டேய் பிச்சைமணி, நாத்தம் வெளிய போனா சண்டைக்கு வருவானுங்க. கதவச் சாத்தி வெளிய தாப்பாப் போடு."

போட்டான். உள்ளே அங்கம்மாளின் இருமல்... கதவில் உள்ளங்கை அறையும் சத்தம். பட்... பட்... அவன் முதலாளியைப் பார்த்தான். "இப்பத் தொறக்காத," என்றார். சத்தம் நின்ற பிறகுதான் திறந்தார்கள்.

கதவு திறந்தே கிடந்தது என்று பிச்சைமணி போலீசிடம் சொன்னான். வேலை போய்விடுமே! அவள் பிள்ளைகளுக்கு முதலாளி கொடுத்தனுப்பியது ரெண்டு பெட்டி சலவைத்தூள். த்தூ!

கம்பெனி சுள்ளிக்கல்லுக்கு மாறியது. பழைய கிடங்கைப் பூட்டிப் போட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை, பூட்டிய கதவருகே குப்பென்று பிளீச்சிங் வாடை. உள்ளே சல்லடை... சர்... சர்... நின்றது. முதுகில் சில்லென்று ஈரமாக ஒரு கை.

"கதவு தொறந்தா கெடந்துச்சு, மணி?"

விழுந்தடித்து ஓடினான்.

"முதுகுல என்னங்க இது?" என்றாள் பெண்டாட்டி. நீலச் சட்டையில் ஐந்து விரலோடு ஒரு கை, சாயம் போய் வெளுத்திருந்தது. மறுநாள் பச்சைச் சட்டை போட்டான். அதிலும் அதே கை... கொஞ்சம் மேலே, கழுத்தை நோக்கி.

இரண்டையும் எடுத்துக்கொண்டு முதலாளியிடம் ஓடினான். "போலீசுல உள்ளதச் சொல்லிருவோம் மொதலாளி..." அழுதான்.

முதலாளி சிரித்தார். "பவுடர் பட்டதாக்கும், போடா. எனக்கு வல்லதும், ஏதாச்சும் உண்டா, பாரு!" என்று திரும்பி முதுகைக் காட்டினார்.

தும்பைப்பூ வெள்ளைச் சட்டை. அவர் வேறு நிறம் உடுத்தியதே இல்லை. வெளுத்த கை அதில் இருந்தாலும் தெரியாது.

ஆனால் பிடரிக்குக் கீழே ஒரு கையகலம் மட்டும் ஈரமாக ஒட்டியிருந்தது...