பூட்டுப் போட்ட சிலிண்டர்

மூதூர்ப் படகுக்கான வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பேர். அவர்களில் ஜீப் வைத்திருப்பவர் மற்றவரிடம் பெருமையோடு சொன்னார்:

"நெருப்பணைக்கிற சிலிண்டரை இனி ஒருத்தராலும் களவெடுக்க ஏலாது மச்சான். சீற்றுக்குப் பக்கத்தில பூட்டுப் போட்டிட்டன்."

"திறப்பு எங்க?"

"ஜீப் திறப்போட ஒரே வளையத்திலதான்."

"அப்ப காட்டுப் பாதையில எஞ்சின் பத்தினா, திறப்பை உருவி, பூட்டைத் திறந்து, பிறகுதான் பின்னுக்கிருக்கிற மகளைப் பாப்பாய்?"

மற்றவரே வழியும் சொன்னார்:

"பள்ளத்தில துள்ளாமல் இரும்புப் பட்டியால இறுக்கு. ஒரு கையால தட்டினா கழண்டு வரவேணும்."

"களவு போனா?"

"அது போனா இன்னொண்டு வாங்கலாம்."

படகு வந்தது. ஜீப்காரர் ஏறாமல், திறப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஜீப் நின்ற பக்கம் திரும்பி நடந்தார். என் காரில் அந்தச் சிலிண்டர் ஸ்பெயார் டயருக்கு அடியில், பொலித்தீன் உறைகூடப் பிரிக்காமல் இருப்பதை நான் யாருக்கும் சொல்லவில்லை.