மறுதாம்புச் சோளத்தில் ஒரு கிடா

அருமைநாயகம்: ...பைய நடத்தும்வே, பிச்சைக்கண்ணு. கிடா வேகமா நடந்தா விஷம் சீக்கிரம் ஏறிரும்.

பிச்சைக்கண்ணு: நல்லாத்தான நிக்கி, அண்ணாச்சி?

அருமைநாயகம்: வெளிய நல்லாத்தான் நிக்கும். உள்ள என்ன நடக்கோ... எஞ் சோளத்த எம்புட்டு தின்னுச்சு?

பிச்சைக்கண்ணு: ரெண்டு வாய்.

அருமைநாயகம்: ஒரு பாத்தி மொட்டையா கெடக்கு. ரெண்டு வாயாம்.

பிச்சைக்கண்ணு: அதுக்கு வாய் கொஞ்சம் பெருசு.

அருமைநாயகம்: இது மறுதாம்புவே. அறுத்த கட்டையில திரும்பத் துளுத்தது. நம்ம தெரு ஷரீபா பீவி பசு போன வருசம் இந்த மாதிரி மறுதாம்பத் தின்னுட்டுத்தான நுரை தள்ளிச் சாஞ்சது?

பிச்சைக்கண்ணு: ஐயோ... சுடலைமாடனுக்கு நேந்துவிட்ட கிடா, அண்ணாச்சி. வார செவ்வாய் கோயில் கொடை. இது போச்சுன்னா எம் பொஞ்சாதி என்னையத்தான் கோயில்ல கொண்டு கெட்டுவா.

அருமைநாயகம்: அதான் சொல்லுதேன். சாயந்தரம் தாண்டாது. இப்பவே எங்கிட்ட விட்டுட்டுப் போயிரும். நான் ஒரு வழி பண்ணிருதேன்.

பிச்சைக்கண்ணு: என்ன வழி?

அருமைநாயகம்: அடக்கந்தான்... வேற என்ன?

பிச்சைக்கண்ணு: முக்கூடல் மாட்டு டாக்டருக்கு ஒரு போன் போட்டுப் பாக்கேனே.

அருமைநாயகம்: வேண்டாம்வே. அவரு ஊசியப் போட்டாருன்னா கறி கெட்டுப்போ...

பிச்சைக்கண்ணு: எது கெட்டுப்போகும்?

அருமைநாயகம்: ...காரியம். காரியம் கெட்டுப்போகும்.

பிச்சைக்கண்ணு: உங்க வீட்டுல மிக்சி ஓடுத சத்தம் இங்கன வரைக்கும் கேக்கு.

அருமைநாயகம்: மருமவன் வந்திருக்காரு. சாம்பாருக்கு அரைக்கா.

பிச்சைக்கண்ணு: சாம்பார்ல பட்டையும் கிராம்புமா மணக்கு?

அருமைநாயகம்: உமக்கு மூக்கு ரொம்ப நீளம்.

பிச்சைக்கண்ணு: விஷம் ஏறுன கறிய மருமவனுக்குப் போட்டா, மக என்ன ஆவா, அண்ணாச்சி? அதையும் கொஞ்சம் யோசிங்க.

அருமைநாயகம்: அட, விஷம் எங்கவே இருக்கு? இளசுலதான் ஆடு மாட்டக் கொல்லும். கதிர் தள்ளிப் பூவும் பூத்தாச்சுல்லா? இனிமே வெறுந் தீவனந்தான்...

பிச்சைக்கண்ணு: அப்ப கிடா சாகாது.

அருமைநாயகம்: சவத்த... சாகாதுவே. கூட்டிட்டுப் போரும். இன்னைக்கும் கத்திரிக்காதான் எங்க மருமவனுக்கு.

பிச்சைக்கண்ணு: மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதீங்க.

அருமைநாயகம்: வச்சுக்கிடல. ஆனா நல்ல கிடாவே அது. ஒரு மாசமா பச்சப் பசேல்னு நின்னும் எஞ் சோளத்துல வாய் வைக்கல. நீரும் அப்படித்தான். தெனம் காலையில வரப்புல வந்து நின்னு, 'நல்லா வருது அண்ணாச்சி'ன்னு சொல்லிட்டுப் போவீரு. சொந்தத் தம்பி கூட அப்படிச் சொல்ல மாட்டான். இன்னைக்குன்னு பாத்தா கயிறு அத்துப்போகணும்?

பிச்சைக்கண்ணு: கயிறு அத்துப்போகல, அண்ணாச்சி. கதிர் எப்பத் தள்ளும்னு பாக்கத்தான் தெனம் வந்தேன்... இன்னைக்குத்தான் அவுத்துவிட்டேன்.